கவராயர் அளந்த மணிக்கட்டு

மக்களே, அப்பாவுக்கு ஈரத்துண்டை முறுக்கிப் பிழியத் தெரியாது என்று நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து கேலி செய்கிறீர்கள். எனக்குத் தெரியும். வலது கையை அப்படி முறுக்க மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த மனிதரைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் மூத்தவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நாஞ்சில் நாட்டில் ஒருவருடைய முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல் ஊர் முழுவதையும் தெரிந்து வைத்திருந்த ஆள் அவர் ஒருவர்தான். நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம் அது. ஒரு ஆசுபத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவருக்கு. பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கெல்லாம் அவர் கவராயர். பள்ளிக்கூடக் கணக்குப் பெட்டியில் இருக்குமே, இரண்டு கால் உள்ள கவராயம், அது எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். அவருடையதற்கு இரண்டு காலும் ஊசி. குனிந்தால் நெஞ்சில் குத்தும் என்பதால் அவர் எதற்கும் குனிவதில்லை. செருப்பு வாரையும் சுவரில் காலைத் தூக்கி வைத்துத்தான் மாட்டுவார்.

நாள் முழுக்க இருட்டறையில் இருப்பவர் ஆதலால் வெயிலில் வந்தால் கண் கூசும். எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்வை நேரே கைக்குப் போகும். பிடித்துப் பார்ப்பார். பிறகு, "நீரு தேங்காப்பட்டணம். வள்ளத்திலிருந்து விழுந்தது. இடது கை" என்பார். ஒருபோதும் தப்பாது.

ஒரு கல்யாண வீட்டில் இதனால் பெரிய வினை வந்தது. பந்தல் வாசலில் மாப்பிள்ளை நின்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கவராயர் அந்தக் கும்பிட்ட கையைப் பிரித்து வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ராஜாக்கமங்கலம். மாமரத்திலிருந்து சாடினது. ரெண்டு எலும்பும் போயிருந்துது. நல்லா கூடிட்டே, கொள்ளாம்!"

பெண்ணின் அப்பா திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை மரத்துல ஏறுவாரா?"

மாப்பிள்ளையின் மாமா விழுந்தடித்து வந்தார். "அதெல்லாம் சின்னப் பிள்ளையில அண்ணாச்சி. விளையாட்டு."

"சின்னப் பிள்ளையிலயா? போன வருசம்லா வே!" என்றார் கவராயர். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. எங்கே வாயை மூட வேண்டும் என்பதும் தெரியாது. கல்யாணம் எப்படியோ நடந்தது. அந்த மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் இன்றைக்கும் மாமரம் என்றுதான் பெயர்.

டீக்கடைக்குப் போனால் உளுந்து வடையின் மேல் கவராயத்தை வைப்பார். முதலில் வடையின் அகலம், அடுத்து ஓட்டையின் அகலம். "நேத்து மூணுல ஒரு பங்கு ஓட்டை. இன்னைக்குப் பாதி ஓட்டை. நாளைக்கு வடையே இருக்காது, ஓட்டையத்தான் தருவீரு" என்பார். கடைக்காரர் அவர் வரும் நேரம் பார்த்துத் தட்டை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

படம் எடுக்கும்போது, "மூச்சு விடாதேயும்!" என்று ஒரு சத்தம் போடுவார். நெஞ்சுப் படத்துக்குச் சொன்னால் நியாயம். கால் விரலுக்கும் அதையே சொல்வார். அந்த அதட்டலுக்கு வராந்தாவில் வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். எடுத்த பிறகு, "விடலாம்" என்று சொல்ல வேண்டுமல்லவா? பல நாள் அதை மறந்து, பிலிமைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவார். பூதப்பாண்டிக்காரர் ஒருவர் சொன்ன சொல் தவறாதவர். முகம் நீலம் பாரித்து, நர்சம்மா வந்து முதுகில் தட்டின பிறகுதான் மூச்சு விட்டார்.

இனி என் கதை.

அப்போது நான் நாகர்கோவிலுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் ஓடின ஒரு பஸ்ஸில் டிரைவர். அந்தக் காலத்து வண்டிக்கு முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் எஞ்சின் எழும்பும். சில நாள் எஞ்சின் முரண்டு பண்ணி, ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும். அப்படிப் பல தடவை அடி வாங்கி வாங்கி, கடைசியில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. சோற்றைப் பிசைய முடியவில்லை. நம் வழக்கப்படி முதலில் எலும்பு கட்டுகிற ஆசானிடம் போனேன். அவர் எண்ணெய் போட்டு, உளுந்துமாவும் முட்டை வெள்ளையும் பூசி, கமுகம்பாளையும் மூங்கில் பத்தையும் வைத்து, துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். கட்டு, கைக்கு அடியில் மட்டும் நாலு விரல் கனம். இருபத்தொரு நாள் பிரிக்கக் கூடாது என்றார்.

வலி பொறுக்காமல் பதினோராம் நாள் ஆசுபத்திரிக்குப் போனேன். கட்டைப் பிரிக்கச் சொன்னார் கவராயர். உங்கள் அம்மா விடவில்லை.

"ஆசான் சொன்ன நாளுக்கு முன்ன அவுத்தா, நான் கெணத்துல சாடிருவேன் சார்."

"சாடாதம்மா. சாடினா கை ஒடியும். பொறவு அதையும் நான்தான் படம் எடுக்கணும்" என்றவர், ஆசானுக்கு மரியாதை கொடுத்துக் கட்டோடு சேர்த்தே படம் எடுத்தார். எக்ஸ்ரேக்குத் துணியும் பாளையும் ஒரு தடையா என்ன!

படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் விளக்கினார். மணிக்கட்டில் கூழாங்கல் மாதிரி எட்டுச் சின்ன எலும்புகள் உண்டாம். நடுவில் பிறை மாதிரி ஒன்று. எனக்கு அந்தப் பிறைக்கு ரத்தம் போகாமல் அது நலிந்துவிட்டது. நலிந்த எலும்பு மேலே இருக்கும் பாரம் தாங்காமல் சப்பையாக அமுங்கினால், அடுக்கி வைத்த செங்கலில் ஒன்று நொறுங்கின மாதிரி மணிக்கட்டின் உயரமே குறைந்துவிடும். "ஆறு வாரம் பார்ப்போம். உயரம் நின்றால் தப்பித்தாய். இறங்கினால் ஆபரேஷன்" என்றார்.

ஆறு வாரம் கழித்துப் போனேன். கட்டை ஆசானே பிரித்துவிட்டிருந்தார். வெறுங்கையைப் பலகையில் பரத்தி வைத்து இரண்டாவது படம் எடுத்தார்கள். கவராயர் முதல் படத்தில் ஒரு ஊசியை முன்கை எலும்பு முடிகிற இடத்திலும், இன்னொன்றை உள்ளங்கையின் நடு எலும்பு தொடங்குகிற இடத்திலும் வைத்தார். அந்த விரிவு மாறாமல் கவராயத்தை எடுத்து இரண்டாவது படத்தில் வைத்தார். ஊசி எலும்பைத் தாண்டி விழுந்தது.

"ரெண்டு மில்லிமீட்டர் இறங்கிட்டு" என்றார், என் கையைப் பார்த்தபடி.

டாக்டர் அதைக் கேட்டு முடிவு சொன்னார். மணிக்கட்டை அசையாதபடி பூட்டிவிட வேண்டும். வலி போய்விடும்.

"சார், பொறவு ஸ்டீயரிங் பிடிக்கலாமா?"

"பிடிக்கலாம். திருப்பத்தான் முடியாது."

பஸ்காரர்களிடம் சொன்னேன். திருப்ப முடியாத டிரைவரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்றார்கள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. மூத்தவளே, நீ அப்போது உன் அம்மா வயிற்றில் ஆறு மாதம். எனக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அந்த வாரம் முழுக்க உன் அம்மாதான் எனக்கு வலது கை. அவள் என் தட்டில் சோற்றைப் பிசைந்து உருட்டி வைப்பாள். நான் இடது கையால் எடுத்துத் தின்பேன்.

திங்கட்கிழமை ஆபரேஷன். சனிக்கிழமையே படுக்க வைத்துவிட்டார்கள். உங்கள் அம்மா கூட இருந்தாள். அன்று மத்தியானம் எங்கள் வண்டிக் கண்டக்டர் செல்லப்பன் தூக்குச்சட்டியில் கஞ்சியும் பயறும் கொண்டு வந்தான். நான் முதல் வாய் வைப்பதற்குள் கவராயர் இரண்டு படங்களையும் ஆட்டிக்கொண்டு வார்டுக்குள் ஓடி வந்தார். அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"ஓய் ஆரல்வாய்மொழி! உமக்க நடு எலும்பும் குட்டையாயிட்டா?"

"எந்த நடு எலும்பு சார்?"

"நடுவிரலுக்கு அடியில, உள்ளங்கையில இருக்க எலும்பு. அதுக்கு ஒரு சீக்கும் இல்ல. சும்மா கை அரிச்சு அதையும் அளந்தேன். முதல் படத்தைவிட ரெண்டாம் படத்துல அதும் குறைஞ்சிருக்கு! ஆறு வாரத்துல கை சின்னப் பிள்ளைக் கையாட்டு சுருங்குமா வே?"

செல்லப்பன் என் காதில், "ஆளுக்கு முத்திட்டு" என்றான்.

கவராயருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. முதல் படத்தை ஜன்னலில் பிடித்து உற்றுப் பார்த்தார். கையின் இரண்டு பக்கமும் புகை மாதிரி ஏதோ கோடு. "இது என்ன கோடு?" என்று தன்னையே கேட்டார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார். "மூங்கில் பத்தை! ஆசானுக்க கட்டு! நான் ஒரு முட்டாள்!"

விஷயம் இதுதான். முதல் படத்தில் கை கட்டின் மேலே, பலகையைவிட்டு நாலு விரல் உயரத்தில் இருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் கையைப் பிடித்தால் சுவரில் நிழல் பெரிதாக விழுமே, அதே மாதிரி எலும்பின் நிழலும் பெரிதாக விழுந்திருக்கிறது. இரண்டாவது படத்தில் வெறுங்கை பலகையோடு ஒட்டி இருந்ததால் நிழல் உள்ள அளவில் விழுந்தது. இறங்கினது எலும்பு அல்ல, நிழல்.

டாக்டரிடம் ஓடினோம். அவர் வேறொரு ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மில்லி குறைஞ்சிட்டுன்னு நீர்தானே வே சொன்னீரு?"

"சொன்னேன் சார். தப்பு. மணிக்கட்டை மட்டும் அளக்கப்படாது. அதை நடு எலும்பால வகுக்கணும். போட்டோவைப் பெருசாப் போட்டா மூக்கும் பெருசாகும், முகமும் பெருசாகும். முகத்துல மூக்கு எத்தனை பங்குன்னுதான் பாக்கணும். இவருக்கு ரெண்டு படத்துலயும் ஒரே பங்குதான் வருது."

"உம்ம கவராயத்தை நம்பி ஒரு மனுசனுக்க கையை இப்பிடியும் அப்பிடியும் ஆட்டச் சொல்லுதீரா? நாளைக்கு எலும்பு நொறுங்கினா நான்தான் பதில் சொல்லணும்."

கவராயர் சுற்றும் முற்றும் பார்த்தார். பார்வை செல்லப்பனின் கையில் வந்து நின்றது.

"ஒமக்கு கையில ஏதாவது கேடு உண்டா?"

"ஒண்ணும் இல்லியே" என்றான் செல்லப்பன், ஒரு அடி பின்னால் போய்.

"அப்போ வாரும்."

"ஒண்ணுமில்லாத கைக்கு எதுக்கு ஓய் படம்?"

"ஒண்ணுமில்லாத கைதான் வேணும்."

ஒரே பிலிமில் இரண்டு பாதி. முதல் பாதியில், செல்லப்பனின் கைக்கு அடியில் உங்கள் அம்மா துண்டை நாலு விரல் கனத்துக்கு மடித்து வைத்தாள். கட்டைப் பிரிக்கவிடாதவளும் நான்தானே என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். மறு பாதியில் வெறுங்கை. கவராயர், "மூச்சு விடாதேயும்!" என்று கத்தினார். கை கழுவின ஈரத்தோடு வாசலில் நின்ற டாக்டரும் மூச்சைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

படம் கழுவி வந்தது. கவராயர் கவராயத்தை டாக்டர் கையில் கொடுத்தார். அவரே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மலை மாதிரி இருந்த செல்லப்பனின் மணிக்கட்டு, ஐந்து நிமிஷத்தில் இரண்டு மில்லி இறங்கியிருந்தது.

டாக்டர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "செல்லப்பா, திங்கட்கிழமை உனக்கும் ஆபரேஷன் வச்சிரலாம்" என்றார்.

தூக்குச்சட்டியை அங்கேயே போட்டுவிட்டுச் செல்லப்பன் கேட்டைத் தாண்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அதோடு தீரவில்லை. பிறை எலும்பு நலிந்தது உண்மைதான். இன்னும் சப்பையாகவில்லை, அவ்வளவே. "மூணு மாசம் தாறேன். ஹேண்டில் சுத்தப்படாது, பாரம் தூக்கப்படாது, துணி பிழியப்படாது. அப்போ எடுக்கிற படத்துல பங்கு குறைஞ்சிருந்தா நான் சொன்னதுதான்" என்றார் டாக்டர். கவராயர் என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார்.

அந்த மூன்று மாதம் அவர் என்னை விட்ட பாடில்லை. வண்டி இல்லாமல் வீட்டில் இருந்தேன். கிணற்றடியில் கயிற்றைத் தொட்டால் மதிலுக்கு மேலே ஒரு தலை தெரியும். "விடும் வே!" சந்தையில் பூசணிக்காயை எடுத்துக் கனம் பார்த்தால் பின்னாலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். உங்கள் அம்மாவுக்கு ஒரே எரிச்சல். "எனக்கு மாமியா இல்லாத கொறைய இவரு தீக்காரு" என்பாள். ஒரு நாள் வேலைக்கு நடுவே வந்து, வாசலில் நின்றபடியே, "வலி உண்டா?" என்று கேட்டார். "கொறவு" என்றேன். "வலியைக் கேட்டா போதாது. பங்கைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டதற்குப் பதில் சொன்னதுதான் என் குற்றம்.

மூன்றாம் படத்துக்குப் போன அன்று நீ பிறந்து பதினெட்டு நாள், மூத்தவளே. உன்னையும் தூக்கிக்கொண்டு உன் அம்மா வராந்தாவில் இருந்தாள். நான் பலகையில் கையை வைத்தேன். கை நடுங்கியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. வருஷக்கணக்கில் பஸ் ஓட்டின கை, ஒரு பலகையின் மேலே சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"அசையாதேயும்" என்றார் கவராயர்.

"நான் அசைக்கல்ல சார். அதுவா அசையுது."

"நடுங்கினா எலும்பு கலங்கித் தெரியும். அளக்க முடியாது."

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எக்ஸ்ரே எந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. "முடிஞ்சு" என்ற பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

படம் காய்கிற வரைக்கும் அவருக்குப் பொறுமை இல்லை. தண்ணீர் சொட்டச் சொட்டக் கிளிப்போடு வெளிச்சத்தில் பிடித்து அளந்தார். மணிக்கட்டு. நடு எலும்பு. கையிலிருந்த துண்டுக் காகிதத்தில் வகுத்தார். ஒரு தடவை வகுத்ததை அடித்துவிட்டு மறுபடி வகுத்தார்.

"நிக்குது" என்றார்.

அவ்வளவுதான். கையைக் குலுக்கவில்லை, சிரிக்கவில்லை. "போய் வண்டி ஓட்டும். ஹேண்டிலை அந்தச் செல்லப்பன் சுத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வராந்தாவில் நின்று இதைக் கேட்ட செல்லப்பன், "அப்போ எனக்க கை மட்டும் இரும்பா?" என்றான். "இல்ல வே. ஆனா நல்ல கை. நான் பாத்திருக்கேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. டாக்டரைக் கண்டால் ஓடுகிறவன், அந்தச் சொல்லுக்காக எத்தனையோ காலம் மறுபேச்சில்லாமல் ஹேண்டில் சுற்றினான்.

அப்புறம் நான் வண்டி ஓட்டியதும், நீங்கள் பிறந்ததும் படித்ததும் உங்களுக்குத் தெரியும். நம் ஊர் மதராஸ் ராஜ்யத்தோடு சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், கவராயர் திருவனந்தபுரத்தில் தங்கை வீட்டோடு இருக்கலாம் என்று வேலையை விட்டுவிட்டுப் புறப்பட்டார். போகும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என் படங்கள் மூன்றையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். "அலமாரியில இருந்தா பாச்சை தின்னுரும்" என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். திருவனந்தபுரம் வண்டியில் ஏறி, அடுத்த சீட்டுக்காரரின் கட்டைவிரலைப் பிடித்து ஏதோ விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்று என் நடை முடிந்து வண்டியை ஷெட்டில் விட்டேன். செல்லப்பன் சாப்பிடப் போய்விட்டான். டிரைவர் சீட்டில் தனியாக இருந்து, மூன்றாவது படத்தை எடுத்து முன் கண்ணாடியில் வெளிச்சம் படும்படி வைத்துப் பார்த்தேன். ஏதோ பார்க்க வேண்டும் போலத் தோன்றியது, வேறு காரணம் இல்லை.

என் மணிக்கட்டு தெளிவாக இருந்தது, ஒரு கலக்கமும் இல்லை. அதற்குக் கீழே, படத்தின் விளிம்பில், முன்கை எலும்பின் மேலே குறுக்காக இரண்டு விரல் எலும்புகள் இருந்தன. என் கையில் அந்த இடத்தில் விரல் ஏது? கணுக்கள் புடைத்த வயசான விரல்கள். நடுங்கின என் கையை அழுத்திப் பிடித்திருந்தன. படம் எடுக்கும்போது ஒருவரும் கிட்டே நிற்கக் கூடாது, அந்த ஒளி உடம்புக்கு ஆகாது என்று எல்லாரையும் விரட்டுகிறவர், அன்றைக்குப் ஈயத்தகட்டுத் தடுப்புக்குப் பின்னால் போகவே இல்லை. பயத்தில் எனக்கு அது தெரியாமலே போயிருக்கிறது.

உறையின் மேல் அவர் கையெழுத்தில், "ஆரல்வாய்மொழி, வலது" என்று இருந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன். அதற்குக் கீழே, "ஓரத்தில் உள்ள இரண்டு விரலும் கவராயருடையவை" என்று எழுதி, படத்தை உறைக்குள் வைத்தேன்.